கம்பியின் அழுத்தமும் இணையத்தின் வேகமும்

பிழைப்பை நாடித் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் நாகபுரிக்கும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், ஊருடன் கொண்டுள்ள உறவில் பெரும்பகுதியை இன்று சுவரைத் துளைத்து வீட்டினுள் வரும் ஒரு மெல்லிய கம்பியிடம் ஒப்படைத்திருக்கின்றன. ஊரிலுள்ள தாய் தந்தையரின் முகத்தைத் திரையில் காண்பதும், பிள்ளைகளின் பாடமும், அலுவலகப் பணியும், வங்கிக் கணக்கும் அக்கம்பி வழியாகவே நடைபெறுகின்றன. கம்பி சுணங்கினால், பேசிக்கொண்டிருக்கும் தாயின் முகம் பாதிச் சொல்லில் உறைந்து நின்றுவிடுகிறது. புகார் செய்கிறோம். இரண்டொரு நாளில் லைன்மேன் வருகிறார். அளவுமானியின் இரு முனைகளையும் கம்பியில் வைத்துப் பார்க்கிறார். "வோல்டேஜ் டீக் ஹை" என்கிறார். கொல்கத்தாவாயின் "டிக் ஆச்சே". மும்பையாயின் "பரோபர் ஆஹே". புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடுகிறது. வேகம் மட்டும் பழைய நிலையிலேயே இருக்கிறது.

அந்த ஊழியர் பொய் சொல்லவில்லை. வோல்டேஜ் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் வோல்டேஜ் சரியாயிருப்பதற்கும் இணையம் விரைவாக ஓடுவதற்கும் உள்ள தொடர்பு நம்மில் பலர் எண்ணுவதைவிட மிகவும் குறைவு. அத்தொடர்பு எவ்வளவு என்பதை நேயர்கள் தெரிந்துகொண்டால், அடுத்த முறை ஊழியர் வரும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது விளங்கும்.

முதலில் இரண்டு சொற்களைக் கவனிப்போம். சொற்களோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்பது நம் தொழிலாதலின் நேயர்கள் இதைப் பொறுத்தருள வேண்டும். 1800-ஆம் ஆண்டில் மின்கல அடுக்கை உருவாக்கிய இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டாவின் பெயரால் வோல்ட் என்ற அளவு வழங்குகிறது. இந்திக் கலைச்சொல்லாக்கம் அப்பெயரின் பின் ஒரு விகுதியைச் சேர்த்து 'வோல்டதா' என்று அமைத்துக்கொண்டது. தமிழோ மனிதரின் பெயரை விட்டுப் பொருளின் தன்மையைப் பற்றிக்கொண்டு 'மின்னழுத்தம்' என்றது. இது நல்ல சொல். குழாயில் நீரின் அழுத்தத்தை உடனே நினைவுக்குக் கொண்டுவருகிறது. மற்றொரு சொல் 'அகன்ற அலைவரிசை'. இச்சொல்லில் அழுத்தம் இல்லை, அகலம் இருக்கிறது. இணையத்தின் வேகம் அகலத்தைப் பொறுத்ததே அன்றி அழுத்தத்தைப் பொறுத்ததன்று என்ற செய்தி அதன் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இனிக் கம்பிக்கு வருவோம். செம்புக் கம்பி இணைப்புகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. கண்ணாடி இழை அவற்றின் இடத்தைப் பிடித்து வருகிறது. எனினும், பழைய செம்புக் கம்பியின் இயல்பைப் புரிந்துகொண்டால் புதியது எளிதில் விளங்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

1882-ஆம் ஆண்டில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. பிற்காலத்தில் உலகெங்கும் பெரும்பாலான நிலையங்கள் கைக்கொண்ட முறை, ஒரு பெரிய மின்கலத் தொகுதியை நிலையத்திலேயே வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுத் தொலைபேசிக்கும் மின்சாரம் அளிப்பதாகும். ஈய-அமில மின்கலம் ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட் தரும். 24 கலங்களை வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். இதுதான் லைன்மேனின் அளவுமானி காட்டும் எண். இதில் நுட்பமான செய்தி ஒன்றும் உண்டு: மின்கலத்தின் நேர்முனையை நிலத்தோடு இணைத்துக் கம்பியை எதிர்மின் அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். ஈரமண்ணில் கிடக்கும் செம்பு நேர்மின் அழுத்தத்தில் இருந்தால் அரித்துப்போகும். எதிர்மின் அழுத்தத்தில் இருந்தால் அரிப்பு அடங்கும். ஆகவேதான் ஏடுகளில் 'கழித்தல் 48' என்று குறிக்கிறார்கள். மணியடிக்கும்போது மட்டும் 75 வோல்ட் அளவிலான மாறுமின்சாரம் இதன்மேல் வந்து சேரும். மழை நாளில் ஈரக்கையோடு கம்பியைப் பிடித்திருக்கையில் அழைப்பு வந்தால் கை உதறிக்கொள்வது இதனால்தான்.

இந்த 48 வோல்ட்டைப் பற்றி ஒரு வினா. நிலையத்திலிருந்து 200 மீட்டர் தொலைவிலுள்ள வீட்டிலும் 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீட்டிலும் அளந்தால் வேறுபாடு எவ்வளவு இருக்கும்? தொலைவு கூடக் கூட அழுத்தம் குறையும் என்றே பலரும் விடையளிப்பார்கள். உண்மையில், தொலைபேசி எடுக்கப்படாமல் கிடக்கும் வேளையில் இரண்டு வீடுகளிலும் அளவுமானி ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும்.

காரணம் எளிது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்துக் குழாய் மூடியிருக்கும்போது, அக்குழாய்க்குள் துருவேறிப் பாதி அடைபட்டிருந்தாலும், வாய்ப்பக்கம் அழுத்தமானி வைத்தால் முழு அழுத்தமே தெரியும். நீர் ஓடினால்தான் அடைப்பு தன் வேலையைக் காட்டும். குழாயைத் திறந்ததும் நீர் சொட்டுச் சொட்டாய் வருவதைக் கண்டே அடைப்பை அறிகிறோம். மின்சாரமும் அவ்வாறே. ஓட்டம் இருந்தால்தான் தடையில் அழுத்தம் இழக்கப்படும். ஓட்டம் இல்லையேல் இழப்பும் இல்லை. ஓம் விதி என்று பள்ளியில் படித்தது இதுவே. மோடம் கருவி கம்பியிலிருந்து நேர்மின்னோட்டம் எதையும் இழுத்துக்கொள்வதில்லை. ஆகையால் மோடம் மட்டும் இணைந்துள்ள கம்பி, மூடிய குழாயை ஒத்தது.

ஒரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். அரை மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பி இணையின் தடை, போக வர, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 175 ஓம். 0.4 மில்லிமீட்டர் கம்பியானால் 275 ஓம். தெருமுனைப் பெட்டியில் ஒரு மூட்டு பச்சை பூத்து, அதுவே தனியாக 500 ஓம் தடை தருகிறது என்று கொள்வோம். லைன்மேனின் அளவுமானி தானே ஒரு கோடி ஓம் தடையுள்ளது. ஒரு கோடியின் முன் இந்த ஐந்நூறு எம்மாத்திரம்? அளவுமானியில் ஏற்படும் மாற்றம் ஒரு வோல்ட்டில் நானூறில் ஒரு பங்கு. எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. 48 என்றே காட்டும். "வோல்டேஜ் டீக் ஹை." ஆனால் அந்த மூட்டுத்தான் வீட்டின் இணையத்தை முடக்கிக்கொண்டிருக்கும் குற்றவாளி.

அப்படியானால் செய்தியைச் சுமந்து வருவது எது? அதே கம்பியில் 48 வோல்ட்டின்மேல் ஏறிச் சவாரி செய்யும் மிக மெல்லிய உயர் அதிர்வெண் அலைகள். மனிதப் பேச்சுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு இடமே போதும். அதற்கு மேலுள்ள பரப்பு நூறாண்டுக்கு மேலாகத் தரிசாகக் கிடந்தது. அந்தத் தரிசு நிலத்தை உழுது பயிரிட்டதே டி.எஸ்.எல். முறை. ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் என்ற வகை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பை 512 பாத்திகளாகப் பிரித்துக்கொள்கிறது. பேச்சுக்கென அடியில் சில பாத்திகளை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொன்றிலும் நொடிக்கு ஏறத்தாழ நாலாயிரம் முறை செய்தியை விதைக்கிறது. நல்ல பாத்தியில் ஒரு தடவைக்கு 15 பிட்டுகள் வரை விளையும். கெட்ட பாத்தியில் இரண்டோ மூன்றோ. மிகக் கெட்டதை மோடம் தரிசாகவே விட்டுவிடும். மோடத்தை இயக்கியவுடன் அதன் விளக்கு சில நொடிகள் சிமிட்டிக்கொண்டிருக்கிறதே, அப்போது அது செய்வது பாத்தி பாத்தியாக நிலத்தைச் சோதிக்கும் வேலைதான்.

எந்தப் பாத்தியில் எவ்வளவு விளையும் என்பதற்கு விதி வகுத்தவர் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன், ஆண்டு 1948. அவர் கண்டது இது: ஒரு வழியில் பிழையின்றி அனுப்பக்கூடிய செய்தியின் அளவு அவ்வழியின் அகலத்தையும், வந்து சேரும் குறிப்பலைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது. அகலத்தை இருமடங்காக்கினால், விகிதம் குன்றாதவரை, செய்தியும் இருமடங்காகும். ஆற்றலை இருமடங்காக்கினாலோ, ஒவ்வொரு பாத்தியிலும் ஒரே ஒரு பிட்டுத்தான் கூடுதலாகக் கிடைக்கும். சந்தையில் நின்று பேசுகிறவன் குரலை உயர்த்துவதால் பெறும் பயன் சிறிது. கூட்டத்தின் ஓசை அடங்கினால் பெறும் பயனும் அதே கணக்கே. குரலை உயர்த்தும் உரிமை மோடத்துக்கு இல்லை. பக்கத்துக் கம்பிகளுக்குத் தொல்லை தரக்கூடாதென்று நிலையத்தின் ஆற்றல் ஏறத்தாழ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்காக வரையறுக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பத்தில் ஒரு பங்கு வாட் வீடு வந்து சேரும்போது என்னவாகிறது என்பதுதான் வேகத்தின் கதை. இழப்பை அளக்கும் அலகு டெசிபெல். இழப்பு 10 டெசிபெல் என்றால் பத்தில் ஒன்று மிஞ்சும். 20 என்றால் நூறில் ஒன்று. 60 என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. எனவே 60 டெசிபெல் இழப்புள்ள கம்பியில் வீடு வந்து சேர்வது ஒரு வாட்டில் ஒரு கோடியில் ஒரு பங்கு! அதையும் கேட்டுப் பொருள் கொள்கிறதே என்று மோடத்தை வியக்கத்தான் வேண்டும். உயர் அதிர்வெண்ணுக்கு இழப்பு மிகுதி. தொலைவில் நடக்கும் திருவிழாவில் தவிலின் முழக்கம் நம் காதுக்கு எட்டுகிறது. ஜாலராவின் ஒலி எட்டுவதில்லை. அதுபோல நீண்ட கம்பியில் மேற்பாத்திகள் முதலில் மடிகின்றன. நிலையத்துக்கு அருகில் நொடிக்கு 20 மெகாபிட்டுக்கு மேல் தரும் அதே முறை, 40 டெசிபெல் இழப்பில் ஏறத்தாழ 8 மெகாபிட்டும், 60-ல் ஒன்றோ இரண்டோ மெகாபிட்டும் தருவது இதனால்தான். ஒரே கட்டணம் செலுத்தும் இரு வீடுகளுக்கிடையே இத்தனை வேறுபாடு. இதில் ஊழியரின் குற்றம் ஏதுமில்லை, தெருவின் நீளம்.

இழப்பு நாள்தோறும் மாறுவதில்லை. மாறுவது இரைச்சல். கம்பிகளை இணையாக முறுக்கி வைப்பதே இரைச்சலைத் தவிர்க்கத்தான். தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்லே 1881-இல் இதற்கு உரிமை பெற்றார். இரண்டு கம்பிகளிலும் வெளித்தொல்லை சமமாக விழுந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது தொல்லை மறைந்துவிடும். முறுக்கு அச்சமத்துவத்தைக் காக்கிறது. மாடிப்படி வழியே முறுக்கில்லாத மலிவான இரட்டைக் கம்பியை இழுத்து, அதற்கருகில் மின்தூக்கியின் மின்கம்பியும் ஓடினால், அச்சமத்துவம் போய்விடும். ஒரு கம்பி நிலத்தோடு கசிந்தாலும் போய்விடும்.

இரைச்சலின் வல்லமைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறாமல் இருக்க முடியவில்லை. வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்ற சிற்றூரில் பதினெட்டு மாத காலம் நாள்தோறும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதற்கும் இணையம் அறுந்துபோயிற்று. கம்பிகளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கடைசியில் பொறியாளர்கள் அளவுமானியுடன் ஊரைச் சுற்றி வந்து, ஒரு வீட்டில் காலை 7 மணிக்குப் போடப்படும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியே காரணம் என்று கண்டார்கள். இச்செய்தி 2020-இல் வெளியாயிற்று. இத்தனை நாளும் அவ்வூர்க் கம்பிகளில் வோல்டேஜ் குறைவில்லாமல் இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நம் வீடுகளிலும் மலிவான எல்.இ.டி. விளக்கு, பழுதடைந்த மின்னேற்றி, தையல் இயந்திரத்தின் மோட்டார் ஆகியவை இவ்வேலையைச் செய்யக்கூடும்.

மூட்டுகளின் கதை இதனினும் விந்தையானது. செம்பும் செம்பும் கூடும் இடத்தில் காலப்போக்கில் ஆக்சைடுப் படலம் படர்கிறது. தொலைபேசியை எடுத்துப் பேசும்போது 20 அல்லது 30 மில்லியாம்பியர் ஓட்டம் பாய்ந்து அப்படலத்தைத் தகர்த்து வழியைத் திறந்துவிடும். பேசி முடித்துச் சில மணி கழிந்தால் படலம் மீண்டும் தலைகாட்டும். முன்பெல்லாம் நாள்தோறும் பேசியதால் மூட்டுகள் தாமே துலங்கிக்கொண்டிருந்தன. இன்று கைபேசி வந்தபின் வீட்டுத் தொலைபேசியை யார் எடுக்கிறார்கள்? பேச்சில்லாத கம்பி துருப்பிடிக்கிறது. 'தொலைபேசியை எடுத்துப் பேசினால் இணையம் சற்று நேரம் நன்றாக இருக்கிறது' என்று ஒரு வீட்டார் சொன்னால் லைன்மேன் சிரிக்கக்கூடாது. எங்கோ ஒரு மூட்டு கெட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்னொரு விந்தையும் உண்டு. இணையின் ஒரு கம்பி முற்றிலும் அறுந்துபோனால் 48 வோல்ட் மறைந்து, தொலைபேசி ஊமையாகிவிடும். மோடமோ ஆமை வேகத்திலாவது ஓடிக்கொண்டிருப்பதுண்டு. அறுந்த முனைகளுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளி நேர்மின்னோட்டத்துக்குச் சுவர். உயர் அதிர்வெண் அலைக்கோ அது தாண்டக்கூடிய வாய்க்கால். வோல்டேஜ் இருந்து வேகமில்லாத வீடு ஒன்று. வேகம் சிறிது இருந்து வோல்டேஜே இல்லாத வீடு மற்றொன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வோல்டேஜ் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெளிவாகும்.

அது சொல்லக்கூடியவையும் சில உண்டு. அளவுமானி பூஜ்யம் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. 48-க்குப் பதில் 30 என்று நிலையின்றித் தடுமாறினால் எங்கோ ஈரம் புகுந்து மின்சாரம் கசிகிறது. மும்பையில் மழைக்காலத்தின் முதல் வாரத்தில் புகார்கள் பெருகுவதன் காரணம் இது. பெட்டியின் மூடி உடைந்து, கம்பிமுனைகள் நனைந்துகொண்டிருக்கும். தொலைபேசியை எடுத்தபின் அழுத்தம் பத்து வோல்ட் அளவுக்கு இறங்குவது இயல்பே; இதைப் பழுது என்று எண்ணி எவரும் கலங்க வேண்டியதில்லை.

ஆகவே லைன்மேனிடம் கேட்க வேண்டிய எண்கள் வேறு. மோடத்தின் உட்பக்கத்தில், கணினி வழியாகத் திறந்து பார்க்கக்கூடிய ஏட்டில், இரண்டு எண்கள் டெசிபெல்லில் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று 'அட்டனுவேஷன்' எனப்படும் இழப்பு. மற்றொன்று 'எஸ்.என்.ஆர். மார்ஜின்', இரைச்சல் இன்னும் எவ்வளவு கூடினாலும் தாங்கும் என்பதைக் காட்டும் கையிருப்பு. கையிருப்பு 6 என்றால், இரைச்சலின் ஆற்றல் நான்கு மடங்காகும் வரை இணைப்பு தாக்குப்பிடிக்கும். காலையில் 9 என்றிருந்தது மாலையில் 2-க்கு வந்தால் இரைச்சல் எங்கிருந்தோ வருகிறது. இழப்பே திடீரென்று பத்துப் பதினைந்து கூடியிருந்தால் மூட்டைத் தேட வேண்டும். இவ்விரு எண்களையும் காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் குறித்து வைத்திருக்கும் வீட்டுக்காரரிடம் "டீக் ஹை" என்று சொல்லிவிட்டுப் போவது அத்தனை எளிதன்று.

வீட்டுக்குள் வருவோம். இங்கே மற்றொரு வோல்டேஜ் இருக்கிறது: சுவரிலுள்ள 230 வோல்ட். தில்லியின் கோடை மாலையில் குளிர்சாதனப் பெட்டிகள் யாவும் ஒருங்கே ஓடும்போது சில குடியிருப்புகளில் இது 180-க்கும் கீழே சரிகிறது, விளக்கு மங்குகிறது, அதே நேரம் இணையமும் சுணங்குகிறது. இரண்டையும் முடிச்சுப் போடுவது இயல்பு. ஆனால் மோடத்தின் அடாப்டரில் பொடி எழுத்தில் உள்ளதைப் படித்தால், 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று இருக்கும். 180 கிடைத்தாலும் அது 12 வோல்ட்டாகவே மாற்றித் தரும். மோடத்துக்கென ஸ்டெபிலைசர் வாங்குவது வீண்செலவு. மாலையில் சுணங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், அலுவலகத்திலிருந்து திரும்பிய அண்டை வீட்டார் அனைவரும் அதே நேரத்தில் திரைப்படம் பார்ப்பதே.

அடாப்டர் முதுமையடைவது வேறு செய்தி. நாலைந்து ஆண்டுகள் இடைவிடாது சூடேறிய அடாப்டருக்குள் மின்தேக்கி உலர்ந்துபோகிறது. வேலையில்லாதபோது அளந்தால் 12 வோல்ட் காட்டும். கருவி அதிக ஓட்டம் கேட்கும் கணத்தில் சரிந்துவிடும். உடனே மோடம் தானே அணைந்து மீண்டும் எழும். மூடிய குழாயும் திறந்த குழாயும் என்று முன்பு கூறியது இங்கேயும் பொருந்துகிறது. மோடம் காரணமின்றி அடிக்கடி மயங்கி விழுந்தால், புகார் எழுதுமுன், அதே 12 வோல்ட்டும் அதே ஆம்பியரும் உள்ள வேறோர் அடாப்டரைப் பொருத்திப் பார்ப்பது நலம். வோல்டேஜ் வேகத்தை நேரடியாகக் கெடுக்கும் இடம் உண்டென்றால் அது இதுவே.

இனிக் கண்ணாடி இழை. இதில் மின்னழுத்தமே கிடையாது. ஒளிதான் வருகிறது, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. பரவலாக உள்ள ஜி-பான் முறையில் நிலையத்திலிருந்து 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும், வீட்டிலிருந்து 1310-லும் ஒளி செல்கிறது. ஓர் இழை கொண்டுவரும் நொடிக்கு 2.5 கிகாபிட் அளவிலான செய்தியை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஊழியர் அளப்பது ஒளியின் ஆற்றலை. 'மைனஸ் 19', 'மைனஸ் 22' என்பார். கழித்தல் 8-க்கும் கழித்தல் 27-க்கும் இடையில் இருந்தால் போதும். செம்புக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்: செம்பில் குறிப்பலை தேயத் தேய வேகம் படிப்படியாக இறங்கும்; இழையில் மைனஸ் 15 உள்ள வீட்டுக்கும் மைனஸ் 22 உள்ள வீட்டுக்கும் வேகம் ஒன்றே. எல்லையைத் தாண்டினாலோ படியில்லாத கிணறு, இணைப்பே அறுந்துவிடும். இழையைக் கதவிடுக்கில் நெரித்தாலும் கூர்மையாக மடித்தாலும் ஒளி வெளியே சிந்திவிடும். 2015-இல் வாரணாசியில் கங்கைப் படித்துறைகளில் இணைய வசதிக்காக இழுக்கப்பட்ட இழைகளைக் குரங்குகள் கடித்துத் தின்றதாகச் செய்தி வந்தது. அனுமனின் சேனைக்கு அளவுமானி ஏதும் தேவைப்படவில்லை.

இழை வந்த வீட்டார் ஒன்றை மறக்கலாகாது. செம்புக் கம்பியில் தொலைபேசிக்கு உயிர் கொடுத்தது நிலையத்தின் 48 வோல்ட். ஊரே இருண்டாலும் தொலைபேசி பேசிற்று. இழையில் அவ்வுயிர் இல்லை. வீட்டில் மின்சாரம் நின்ற கணத்தில் பெட்டி அணையும். அதில் பொருத்திய தொலைபேசியும் ஊமையாகும். முதியவர்கள் தனித்திருக்கும் வீட்டில் பெட்டியை இன்வெர்ட்டரோடு இணைத்து வைப்பது, அல்லது 12 வோல்ட் தரும் சிறு மின்கலப் பெட்டி ஒன்று வாங்கி வைப்பது அவசியம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இழை பெரும்பாலும் கீழ்த்தளத்துப் பெட்டியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து வீடு வரை வருவது எட்டுக் கம்பிகள் கொண்ட சாதாரண லேன் கேபிள். அதன் எல்லை 100 மீட்டர். நொடிக்கு 1000 மெகாபிட் செல்ல எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு நான்கே போதும். ஒரு கம்பி முனையில் சரியாகப் பதியாவிட்டாலும் கருவி சத்தமின்றி 100-க்கு இறங்கிவிடும். 300 மெகாபிட் கட்டணம் செலுத்தியும் எந்நேரமும் 95-ஐத் தாண்டாத வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த முனையைத்தான். இதைச் சோதிக்கும்போது கருவியைக் கேபிளில் நேரே பொருத்திப் பார்க்க வேண்டும். வைஃபை வழியாகச் சோதித்தால் இரண்டு செங்கற்சுவர்களின் குற்றமும் அதனோடு சேர்ந்துவிடும்.

எதை வேகம் என்பது என்பதிலும் சிறிது எச்சரிக்கை தேவை. 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட், எட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும். அகன்ற அலைவரிசை என்று அழைக்கத் தகுதியான குறைந்த வேகம் 2004-ஆம் ஆண்டுக் கொள்கையில் 256 கிலோபிட்டாக இருந்தது. 2013-இல் 512 ஆயிற்று. 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. விளம்பரத்தில் உள்ள எண் வேறு. அதன் பின்னால் 'வரை' என்று ஒரு சிறு சொல் நிற்கும், இந்தியில் 'தக்'. மொழிபெயர்ப்பில் எத்தனையோ சொற்களோடு போராடியிருக்கிறோம். இத்தனை சிறிய சொல் இத்தனை பெரிய எண்ணைத் தோளில் தூக்கி நிற்பதை வேறெங்கும் கண்டதில்லை.

புகார் எழுதும்போது 'இணையம் மெதுவாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் அதற்கு "வோல்டேஜ் டீக் ஹை" என்பதே விடையாக வரும். நாள், மணி, கேபிளில் நேரே அளந்த வேகம், செம்பாயின் இழப்பும் கையிருப்பும், இழையாயின் ஒளியின் அளவு, மழையின்போது கெடுகிறதா, தொலைபேசியில் பேசினால் சீராகிறதா ஆகியவற்றைச் சேர்த்து எழுதுக. புகாருக்கு ஓர் எண் தரப்படும்; அதைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்க. தீர்வு மனநிறைவு தராவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்; தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகள் இவ்விரண்டு படிகளையும் வகுத்துள்ளன. ஊழியர் வந்ததும் மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். தில்லியில் "எஸ்.என்.ஆர். கித்னா ஹை?", "ஜாயிண்ட் தேக் லீஜியே" என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். அளவுமானியைப் பைக்குள் வைக்கப்போனவர் தெருமுனைப் பெட்டியைத் திறந்து பார்க்கப் புறப்படுவார்.